ரத்தம் வருகிறதென்று பல் துலக்குவதை நிறுத்தலாமா?

செங்கோட்டைக்கு மேற்கே, புளியரைச் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து 41 வயதுப் பெண்மணி ஒருவர் நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், அவற்றை விலக்கிவிட்டுச் செய்தியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய பிறந்த வீடு புனலூர்ப் பக்கம். அங்கே எல்லோரும் உமிக்கரியில் உப்பைச் சேர்த்துத்தான் பல் தேய்த்தார்கள். மணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகே அவர் பிரஷ்ஷுக்கும் பேஸ்ட்டுக்கும் மாறியிருக்கிறார். ஒன்றரை ஆண்டாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. காலையில் வாய் நாறுவதாகக் கணவர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் முன்பு இருந்ததைவிட நீளமாகத் தெரிகின்றன. அவற்றுள் ஒன்று நாக்கால் தள்ளினால் அசைகிறது. வலி மட்டும் இல்லை. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஆறு மாதமாக ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபைன் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது.

பேஸ்ட்டில் உள்ள ரசாயனமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுசெய்து, ஐந்து மாதங்களுக்கு முன் பிரஷ்ஷையும் பேஸ்ட்டையும் ஒருசேர நிறுத்திவிட்டு விரலால் உமிக்கரி தேய்க்கத் தொடங்கியிருக்கிறார். ஒன்பது வயது மகளுக்கும் அதுவே. கைப்பேசியில் பார்த்த காணொளிகளை நம்பி எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்திருக்கிறார், நல்லெண்ணெய் கொப்பளித்திருக்கிறார், கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து ஈறில் வைத்திருக்கிறார். கிராம்பு எண்ணெய் வைத்த இடம் வெந்து வெள்ளையாக உரிந்திருக்கிறது. இடையில் ஒருமுறை பல் மருத்துவரிடமும் போயிருக்கிறார். ஈறுக்குக் கீழே வரை சுத்தம் செய்ய வேண்டும், மூன்று தடவை வர வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பிப் போகவே இல்லை. காரணம், நாத்தனாருக்கு க்ளீன் செய்த பிறகுதான் பற்கள் ஆடத் தொடங்கி இரண்டு விழுந்துபோயின என்ற பயம்.

கடிதம் இப்படி முடிகிறது: “என் அப்பாவுக்கு 78 வயது. உமிக்கரியைத் தவிர வேறெதையும் பல்லில் வைத்ததில்லை. இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறார். அவருக்குப் போதுமாக இருந்தது எனக்கு ஏன் போதவில்லை? ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே இயற்கையான முறையில் இதைக் குணப்படுத்த வழி சொல்லுங்கள்.”

சகோதரி, அப்பாவுக்குப் போதுமாக இருந்தது உங்களுக்கு ஏன் போதவில்லை என்ற கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அது அசட்டுக் கேள்வி அல்ல. எல்லையோர ஊரில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு, ஈறு வீங்கிவிட்டது என்பதைக் கேரளப் பக்கத்திலிருந்து “மோண வீங்கி” என்றும் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து “எகிறு வீங்கிப்போச்சு” என்றும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இருவரும் ஒரே மூச்சில் கேட்கும் கேள்வி அது. எங்கள் வீட்டிலும் அடுப்படி உத்தரத்தில் உமிக்கரிக் கலயம் தொங்கியது. ஆகவே அதை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது.

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரின் வாயை, 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள், ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாத மக்கள் அவர்கள். சொத்தைப் பல் அவர்களிடம் அனேகமாக இல்லை. ஆனால் எல்லோருடைய பற்களிலும் காரை படிந்திருந்தது, ஈறுகள் வீங்கியிருந்தன. அப்படியிருந்தும் அவர்கள் எல்லோருக்கும் ஒரே கதி ஏற்படவில்லை. ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைந்தது. 81 சதவீதத்தினருக்கு மெல்ல மெல்லக் கரைந்தது. 11 சதவீதத்தினருக்கோ ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே தோட்டம், ஒரே சோறு, துலக்காத அதே பல். முடிவு மட்டும் மூன்று விதம். உடலின் எதிர்ப்புத் தன்மை ஆளுக்கு ஆள் மாறுவதே இதற்குக் காரணம்.

உங்கள் அப்பா அந்த 11 சதவீதத்தைச் சேர்ந்த உடல்வாகு கொண்டவராக இருக்கலாம். போதாததற்கு அவர் நாள் தவறாமல் பல்லையும் தேய்த்திருக்கிறார். அவருடைய பல்லுக்கான பெருமையை உமிக்கரி ஒன்றுக்கே கொடுத்துவிட முடியாது. அவரோடு பிறந்தவர்களுக்கும் அவருடைய தாய்க்கும் எத்தனை பல் மிஞ்சியது என்று விசாரித்துப் பாருங்கள். நம் பாட்டிகளின் மடியில் வெற்றிலை இடிக்கும் சிற்றுரல் ஏன் இருந்தது என்று நாம் யோசிப்பதே இல்லை. வெற்றிலையை மெல்லப் பல் இல்லாமல் போனவர்களின் உரல் அது. அவர்களும் உமிக்கரியில் பல் தேய்த்தவர்கள்தாம். முறுக்கு கடிக்கும் ஒருவர் நம் நினைவில் நிற்கிறார்; உரலில் இடித்துப் போட்டுக்கொண்ட பத்துப் பேர் நினைவில் நிற்பதில்லை.

உங்கள் விஷயம் வேறு. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஈறு இறங்கியிருக்கிறது, ஒரு பல் அசைகிறது. வாயைப் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய எந்த மருத்துவராலும் முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், ஈறு வீக்கம் என்ற முதல் கட்டத்தைத் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கும் கட்டத்துக்கு இது வந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். வலி இல்லாததைக் கண்டு நீங்கள் ஆறுதல் கொண்டிருக்கிறீர்கள். ஈறு நோயில் பெரும்பாலும் கடைசிவரை வலி இருக்காது. வலிக்காத காரணத்தாலேயே அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

ரத்தம் ஏன் வருகிறது?

பேஸ்ட்டால் ரத்தம் வருகிறது என்ற உங்கள் கணிப்பு சரியல்ல. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில், துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் மாவுபோல ஒரு படிவாக ஒட்டத் தொடங்கிவிடும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருமே, அதுதான். அந்தப் படிவை அகற்றாவிட்டால் ஈறு அதை எதிர்த்துப் போராடும்; அந்தப் போராட்டத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து, தொட்டாலே கசியும். மேலே சொன்ன லோவின் குழுவினர் 1965இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாள் முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது.

ஆகவே ரத்தம் வரும் இடம், துலக்கம் போதாமல் கிருமிப் படிவு தங்கியிருக்கும் இடம். அங்கே துலக்குவதை நிறுத்தினால், சீழ் வைத்த புண்ணைக் கழுவாமல் கட்டுப்போட்டு மூடியதுபோல ஆகிவிடும். ஐந்து மாதமாக நீங்கள் செய்தது, மன்னியுங்கள், அதுதான். விரல் நுனி பல்லின் வெளிமுகத்தைத் தேய்க்கும். இரண்டு பற்களுக்கு இடையிலும் ஈறின் விளிம்புக்கு அடியிலும் அது நுழையாது. ரத்தம் குறைந்ததுபோல இடையில் உங்களுக்குத் தோன்றியிருந்தால், தொட வேண்டிய இடத்தை நீங்கள் தொடவில்லை என்பதே பெரும்பாலும் அதன் காரணமாக இருக்கும்.

பேஸ்ட் மீது இன்னும் நம்பிக்கை வராவிட்டால் உங்களுக்கு ஒரு சலுகை தருகிறேன். ஈறைப் பொறுத்தவரை முக்கியமான வேலையைச் செய்வது பிரஷ்ஷின் நார்கள்தாம், பேஸ்ட் அல்ல. வெறும் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்துத் துலக்கினாலும் ஈறுக்குப் பலன் உண்டு. பேஸ்ட்டில் உள்ள ஃப்ளூரைடு சொத்தையைத் தடுப்பதற்கு. அதை விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அவ்வளவே. சிலருக்கு நுரை வருவதற்காகச் சேர்க்கும் பொருள் ஒத்துக்கொள்ளாமல் வாய்ப்புண் வரும். அவர்கள் நுரை குறைந்த வகைக்கு மாறலாம். மூலிகை என்று அட்டையில் போட்டிருப்பதால் மட்டும் ஒரு பேஸ்ட் உயர்ந்ததாகிவிடாது. ஃப்ளூரைடு இருக்கிறதா என்று அதே அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நீங்கள் முயன்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

உமிக்கரி செய்வதில் ஒரு பக்குவம் உண்டு. உமிக்குவியலைப் புகையவிட்டு, கறுத்துக் கரியாகும் நேரம் பார்த்துத் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெளுத்துச் சாம்பலாகிவிடும். பிறகு இடித்து மெல்லிய துணியில் சலித்து, உப்பும் சில வீடுகளில் மிளகும் சேர்ப்பார்கள். அழுக்கைத் தேய்த்தெடுக்கும் ஆற்றல் அதற்கு நிச்சயமாக உண்டு. உமியில் மணலின் சத்தான சிலிக்கா மிகுதி என்பதே அந்த ஆற்றலின் ரகசியம். பித்தளைப் பாத்திரத்தின் களிம்பு அதில் எப்படிப் போகிறதோ அப்படியே பல்லின் கறையும் போகும். சிக்கலும் அங்கேதான். பல்லின் மேலே உள்ள எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள் என்பதால் ஓரளவு தாங்கும். ஈறு இறங்கிய இடத்தில் வெளியே தெரியும் வேர்ப்பகுதிக்கு எனாமல் கிடையாது, அது மென்மையானது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கரியும் உப்பும் தேய்த்தவர்கள் வாயைத் திறந்தால், ஈறை ஒட்டிக் கோடாலியால் கொத்தியதுபோல ஒரு பள்ளம் வரிசையாகத் தெரிவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளுவார்கள். உங்கள் கீழ்ப் பற்கள் நீளமாகத் தெரிகின்றன என்றால் வேர் வெளியே வந்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு இனி உமிக்கரி வேண்டாம். அப்பாவை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். கூச்சம் இல்லையென்றால் பழகிய கையோடு அவர் போகட்டும், நன்றாகச் சலித்த கரியாக மட்டும் இருக்கட்டும்.

எலுமிச்சையை உடனே நிறுத்துங்கள். நீங்கள் செய்தவற்றிலேயே அதிகம் கெடுதலானது அதுதான். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் என்ற எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்; அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறோ 2, 2.5 என்ற அளவில் இருப்பது. சமையல் சோடாவைக் குழைத்ததும் பொங்குவதைப் பார்த்து அழுக்கு பொங்கி வருகிறது என்று அந்தக் காணொளிக்காரர் சொல்லியிருப்பார். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறிக்கும்போது வரும் வாயு அது. கிண்ணத்தில் கலந்தாலும் அப்படியே பொங்கும். பல் வெளுத்ததாகத் தெரிவது மேற்பரப்பு அரிபட்டதன் விளைவு. எனாமலுக்கு உயிரணு கிடையாது. போனது திரும்ப வளராது. எலுமிச்சை, நெல்லிக்காய், புளி எல்லாவற்றையும் உணவாகச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் என்ற பொருள் மரக்கச் செய்யும் மருந்து. நாங்களும் அதைத் தற்காலிக அடைப்பில் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். சொத்தைப் பல் குடையும் ராத்திரியில், ஒரு சொட்டைத் தேங்காயெண்ணெயில் கலந்து பஞ்சில் தொட்டுப் பல்லின் குழியில் வைத்தால் விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். ஈறு நோய்க்கு அதில் வேலை இல்லை. கலக்காமல் வைத்தால் தோலை வேகவைக்கும், நீங்கள் கண்டதுபோல. உரிந்த இடம் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டால் காட்டியாக வேண்டும்.

எண்ணெய் கொப்பளிப்பதைத் தடுக்கமாட்டேன். ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் சொல்லப்பட்ட வழக்கம் அது. கிருமிப் படிவைச் சிறிது குறைப்பதாகச் சில சிறு ஆய்வுகளும் உண்டு. ஆனால் அது துலக்குவதற்கு மாற்றாகாது, உடம்பின் விஷத்தையெல்லாம் இழுத்துவிடும் என்பதும் உண்மையல்ல. வாயில் வெளுத்து நுரைப்பது விஷம் அல்ல, எச்சிலோடு கலந்து கடையப்பட்ட எண்ணெய். தொண்டைக்குள் எடுத்துக் கொப்பளித்துப் புரையேறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். திரிபலா கஷாயத்தில் கொப்பளிப்பதற்கும் இதே மதிப்பெண்தான்: துணைக்கு நல்லது, முதல் மருந்தாகாது.

வேப்பங்குச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்பதில் வரும் வேல், வேம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது வேல மரம், கருவேலங்குச்சி. எந்தக் குச்சியானாலும் சுண்டுவிரலைவிட மெல்லியதாக, பச்சையாக எடுத்து, நுனியை நன்றாக மென்று நார் நாராக்கி, ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெல்ல இழுத்தால் நல்லதுதான். குச்சியின் தோல்வி, கடைவாய்ப் பற்களின் உட்புறத்தில். வளையாத குச்சி அங்கே போகாது. கிருமிப் படிவு அதிகம் தங்குவதும் அது போன்ற மறைவான இடங்களில்தான்.

சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

உங்கள் பயத்தின் வேர் இங்கே இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் சொன்ன மாவுப் படிவை ஓரிரு நாட்களில் அகற்றாவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி அது இறுகத் தொடங்கும். இரண்டு வாரத்துக்குள் கல்லாகிவிடும். சுவர்ப்பூச்சுக்கு நாம் வைத்த காரை என்ற பெயரையே பல்லுக்கும் வைத்திருப்பது மிகப் பொருத்தம். அந்தக் கட்டத்துக்கு வந்ததை உமிக்கரியோ, உப்போ, எண்ணெயோ, விலையுயர்ந்த பிரஷ்ஷோ எதுவும் அகற்றாது. வீட்டு வைத்தியத்தின் எல்லைக்கல் அதுதான், சகோதரி. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் எல்லாமே உங்கள் கையில். அந்தப் பக்கம் கருவி இல்லாமல் ஆகாது.

காரை கெட்டியாகப் படிந்து, அதற்கு அடியில் எலும்பு கரைந்துகொண்டே போகும்போது, பல்லைப் பிடித்திருப்பது எலும்பா காரையா என்று தெரியாத நிலை வரும். பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் காரையே கட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே பிடிமானம் இழந்திருந்த பல்லின் ஆட்டம் வெளிப்படுகிறது. உங்கள் நாத்தனாருக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும்; பல்லைக் கெடுத்தது சுத்தம் செய்தது அல்ல, சுத்தம் செய்யத் தாமதித்தது. அதே சமயம் உள்ளதை மறைக்கக் கூடாது. சுத்தம் செய்த பிறகு சில நாட்கள் முதல் சில வாரம்வரை பற்கள் கூசும். வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பல்லிடுக்குகள் அகன்று தெரியும். பற்கள் இன்னும் கொஞ்சம் நீண்டதுபோலத் தோன்றும். இவற்றை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்களால்தான் பாதி வதந்தி பரவுகிறது என்று என் தொழில்காரர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. இறங்கிய ஈறு தானாக ஏறாது, கரைந்த எலும்பு பெரும்பாலும் மீளாது. மேற்கொண்டு கரையாமல் நிறுத்துவதே சிகிச்சையின் நோக்கம். அசையும் ஒரு பல்லையும், வீக்கம் வடிந்தபின் ஓரளவு இறுகக் காண்பது உண்டு.

மூன்று தடவை வரச் சொன்னதைப் பணம் பறிக்கும் வேலை என்று நீங்கள் ஐயப்பட்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஈறுக்குக் கீழே ஆழமாகச் சுத்தம் செய்ய மரக்க ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்வது வழக்கமான முறைதான். எனினும் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு: எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இருக்கிறது, எக்ஸ்ரேயில் எலும்பு எங்கே இருக்கிறது, மொத்தச் செலவு எவ்வளவு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு, எக்ஸ்ரேயைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். அதற்கு எந்த மருத்துவரும் முகம் சுளிக்கக் கூடாது. செலவு தடையாக இருந்தால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவை அணுகுங்கள். பிறந்த வீட்டுக்குப் போகும் சாக்கில் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் போய் வரலாம்.

சர்க்கரை, மாத்திரை, வெற்றிலை

சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று தூக்கிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு வேகமாகக் கெடும். ஈறில் அழற்சி இருக்கும்வரை சர்க்கரையும் எளிதில் இறங்காது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பி ஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அது சிறிய எண் அல்ல. உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் ஈறு விஷயத்தை நீங்கள் சொல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை சொல்லுங்கள்.

ஆம்லோடிபைன் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். உங்களுக்கு ரத்தக் கசிவு ஒன்றரை ஆண்டாக இருக்கிறது, மாத்திரை ஆறு மாதமாகத்தான். ஆகவே மூல காரணம் அதுவல்ல, நிலைமையை மோசமாக்கியிருக்கக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தேவையென்றால் மாற்று மாத்திரை தர உங்கள் மருத்துவருக்குத் தெரியும்.

மாமியாரோடு மாலையில் வெற்றிலை போடுவதைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதி, “புகையிலை சேர்ப்பதில்லை, அதனால் பயமில்லை” என்று கோடிட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டை அடிக்க வேண்டியிருக்கிறது. புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், பாக்கை மட்டுமே கூட, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. குற்றவாளி வெற்றிலை அல்ல, பாக்கு. வாயின் உட்தோலை அது நாரைப்போல இறுக்கும். கண்ணாடி முன் வாயை முழுதாகத் திறந்து, உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றாலோ உடனே காட்ட வேண்டும். மாமியாருக்கும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

இன்றிரவிலிருந்து வீட்டில் செய்ய வேண்டியது

மருத்துவரிடம் போகும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். மென்மையான நார் கொண்ட சிறிய தலை பிரஷ் ஒன்று வாங்குங்கள். பல்லுக்கு நேராக வைத்து இழுக்காமல், நார்கள் பாதி ஈறிலும் பாதிப் பல்லிலும் படும்படி சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே நடுங்குவதுபோல அசைத்து, பிறகு பல்லின் நுனிப் பக்கம் உருட்டி விடுங்கள். இரண்டு இரண்டு பல்லாக நகருங்கள். பேனாவைப் பிடிப்பதுபோலப் பிடித்தால் கை அழுத்தாது. இரண்டு நிமிடம் ஆகும். சோறு கொதிக்கும் அவசரத்தில் காலையில் முடியாவிட்டாலும் இரவில் படுக்குமுன் தவறவே கூடாது. ரத்தம் வரும். முதல் வாரம் பயப்படாமல் தொடருங்கள். காரை இல்லாத இடங்களில் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். இரண்டு வாரம் கழித்தும் எங்கே நிற்கவில்லையோ, அங்கே ஈறுக்கடியில் காரை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இடுக்குகளுக்குப் புட்டி கழுவும் பிரஷ்ஷைப்போலவே சிறியதாக ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். உங்கள் கீழ்ப் பற்களில் இடைவெளி விழுந்திருப்பதால் நூலைவிட அதுவே வசதி. ஊக்கும் குண்டூசியும் வேண்டாம். நாக்கு வழிக்க உங்கள் பிறந்த வீட்டு வழக்கப்படி தென்னை ஈர்க்கிலைப் பிளந்து வளைத்துக்கொள்வதில் தவறே இல்லை. விளிம்பு கீறாமல் இருக்க வேண்டும். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை கொப்பளித்துத் துப்புங்கள். வீக்கம் அடங்க அது நல்ல துணை, துப்பிவிடுவதால் ரத்த அழுத்தத்துக்கும் கெடுதல் இல்லை. கடையில் கிடைக்கும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கு ருசி மரக்கும்.

ஈறில் சீழ், முகத்தில் வீக்கம், காய்ச்சல், திடீரெனப் பல் அதிகமாக ஆடுதல், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஆகியவற்றில் எது வந்தாலும் சர்க்கரை நோயாளியான நீங்கள் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மகளைப் பற்றி

அவளுக்கு உமிக்கரியை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒன்பது வயதில் பால் பற்கள் சில விழுந்து புதிய பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும்; இப்போது வருகிறவை ஆயுளுக்கும் இருக்க வேண்டியவை, முளைத்த புதிதில் அவற்றின் எனாமல் முழுதாகக் கெட்டிப்படாமலும் இருக்கும். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு பிரஷ்ஷில் வைத்து, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். ஃப்ளூரைடு விஷம் என்று நீங்கள் கேள்விப்பட்டதன் பின்னணி எனக்குத் தெரியும். தருமபுரி போன்ற மாவட்டங்களில் சில ஊர்களின் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்து, பல்லில் பழுப்புத் திட்டும் எலும்பில் கோளாறும் வந்தது உண்மை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடிப்பதால் வருவது அது. பட்டாணி அளவு பேஸ்ட்டைத் துப்பிவிடுவதால் வருவது அல்ல. அவள் கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் அவற்றை அடைத்துச் சொத்தையைத் தடுக்கும் எளிய முறை உண்டு. உங்களோடு அவளையும் அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.

போகும்போது மாத்திரை அட்டைகளையும் கடைசியாக எடுத்த சர்க்கரைப் பரிசோதனைத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு காலை நேரத்தில் போவது நல்லது. இன்றிரவு துலக்கத் தொடங்கும் நாளை அடுப்படிக் காலண்டரில் வட்டமிட்டு, ரத்தம் வரும் நாட்களில் எந்தப் பக்கத்துப் பல் என்று அதே கட்டத்தில் ஒரு சொல் எழுதிவையுங்கள். அந்தத் தாளைக் கிழித்து உங்கள் மருத்துவரிடம் கொடுத்தால், உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.